ஒரு சோறு பார்த்துப் பதம் சொல்வது எப்படி?

போன வருடம் சித்தி பிரஷர் மாத்திரை போடுவதை நிறுத்திவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து, காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது என்று சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "பக்கத்து வீட்டு அக்காவுக்கு பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து விடாத வறட்டு இருமலாம், அந்த மாத்திரையே அப்படித்தானாம்" என்றார். ஒருத்தருக்கு ஒரு தடவை நடந்தது. அதை வைத்து மாத்திரை முழுவதற்கும் ஒரு விதி, அந்த விதியை வைத்துத் தன் உடம்புக்கு ஒரு முடிவு, எல்லாம் ஒரே மூச்சில்.

சித்தியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, ஏனென்றால் எல்லாரும் நாள் முழுக்கச் செய்கிற வேலை இது. தனியாக ஒன்றைப் பார்த்துப் பொதுவுக்கு ஏறுகிறோம், பொதுவாகத் தெரிந்ததை வைத்துத் தனிக்கு இறங்குகிறோம். ஏறாமல் இறங்காமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. நேற்று கையைச் சுட்ட அடுப்பு இன்றும் சுடும் என்று தெரிவதே ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும்தான். எங்கே கால் வழுக்கும், அதைக் கவனித்து நடப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்ட வரையில் எழுதுகிறேன். இதில் பாதி நம் பழைய தருக்க நூல்களில் இருப்பது, மீதி அன்றாடத்தில் பழகியது.

பள்ளியில் படித்ததிலிருந்து தொடங்குவோம்

மரம் இடுகுறிப் பொதுப்பெயர், பனை இடுகுறிச் சிறப்புப்பெயர் என்று தமிழ் வகுப்பில் எழுதியிருப்பீர்கள். இலக்கணத்துக்கு அது சரி. ஆனால் யோசிக்கும்போது அப்படியே எடுத்துக்கொண்டால் சிக்கல், ஏனென்றால் பனை என்பதும் பொதுதான், மரம் என்பதைவிடச் சின்னப் பொது. குளத்தங்கரையில் இடி விழுந்து தலை கருகி நிற்கிறதே அந்தப் பனை, விரல் நீட்டிக் காட்ட முடிகிறதே, அதுதான் தனி. இரண்டுக்கும் நடுவில் எத்தனை படி வேண்டுமானாலும் இருக்கலாம்: மரம், பனை, ஆண் பனை, எங்கள் ஊர் ஆண் பனை. எத்தனை படி இறங்கினாலும், விரல் நீட்டுகிற இடம் வரும் வரை நாம் பொதுவில்தான் நிற்கிறோம்.

இது ஏன் முக்கியம் என்றால், வாதத்தில் யாராவது "உதாரணத்துக்கு" என்று தொடங்கும்போது பெரும்பாலும் உதாரணம் வருவதில்லை, இன்னொரு சின்னப் பொது வருகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை." எங்கே பார்த்தீர்கள்? "உதாரணத்துக்கு, இந்த காலேஜ் பசங்களை எடுத்துக்கோ." இது உதாரணமே இல்லை, முதலில் சொன்னதையே கொஞ்சம் சுருக்கிச் சொன்னது. யார், எப்போது, எங்கே என்று விரல் நீட்டும் இடம் வரை கேட்டுக்கொண்டே போங்கள். சண்டை போடுகிற குரலில் கேட்கக் கூடாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும். பல சமயம் அடியில் ஒரே ஒரு சம்பவம்தான் கிடக்கும், போன வாரம் பஸ்ஸில் நடந்தது. சில சமயம் இருபது வருடம் வகுப்பெடுத்த அனுபவம் இருக்கும். மேலே சொன்ன வாக்கியம் இரண்டிலும் ஒன்றுதான், அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்புதான் வேறு.

"எல்லாம்" எங்கே ஒளிந்திருக்கிறது

தமிழில் இதைக் கண்டுபிடிக்க அருமையான ஒரு வசதி இருக்கிறது. யார் என்பதோடு உம் சேர்ந்தால் யாரும், ஓ சேர்ந்தால் யாரோ. எங்கும், எங்கோ. எப்போதும், எப்போதோ. உம் வந்தால் பொதுவுக்குப் போய்விடுகிறது, ஓ வந்தால் எங்கேயோ ஒரு தனி இருக்கிறது, எது என்று மட்டும் தெரியவில்லை. சொல்கிறவர் எதைச் சொல்கிறார், அவருக்கு உண்மையில் எது தெரியும் என்று இந்த இரண்டு எழுத்தை வைத்தே உரசிப் பார்க்கலாம். "எப்போதும் லேட்டாகத்தான் வருவான்" என்கிறவருக்கு உண்மையில் தெரிந்தது "எப்போதோ இரண்டு தடவை லேட்டாக வந்தான்" என்பதாக இருக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், உம்மும் இல்லாமல் ஓவும் இல்லாமல் வெறும் பெயர் வரும் இடத்தில். "நாய் குரைக்கிறது" என்றால் வாசலில் நிற்கும் ஒரு நாய். "நாய் குரைக்கும்" என்றால் நாய் என்ற இனம். வினைமுற்றை மாற்றினாலே தனி பொதுவாகிவிடுகிறது. இந்தக் குரைக்கும் வகை வாக்கியம் எல்லா நாயையும் பற்றியதா என்றால், இல்லை. "கோழி முட்டையிடும்" உண்மை, ஆனால் சேவல் இடாது, குஞ்சும் இடாது. "கொசு மலேரியாவைப் பரப்பும்" என்பதும் உண்மைதான், ஆனால் அனாஃபிலிஸ் என்ற வகையில், அதிலும் பெண் கொசு, அதிலும் கிருமி ஏறிய கொசு மட்டுமே பரப்பும். பெரும்பாலான கொசுக்கள் பரப்பாது என்றாலும் வாக்கியம் பொய்யாகவில்லை, ஏனென்றால் அது எண்ணிக்கை சொல்லவில்லை, ஆபத்து எந்த வழியாக வருகிறது என்று சொல்கிறது.

ஆக, இப்படி ஒரு வாக்கியம் வந்தால் எல்லாமா, பெரும்பாலுமா, சிலவா, இல்லை இயல்பைச் சொல்கிறதா என்று பிரித்துவிடுங்கள். "கோழி முட்டையிடும்" என்பதற்கு எதிராகச் சேவலைக் கொண்டுவந்து நிறுத்துவது வீண் வேலை. அதே மாதிரி, கொசு வாக்கியத்தைப் போன்ற ஒன்றை மனிதர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதை "எல்லாரும்" என்று எடுத்துக்கொண்டு எதிரே நிற்கும் ஒருவர் தலையில் வைப்பது பெரிய அநியாயம். ஒரு குழுவில் யாரோ சிலர் செய்த குற்றத்தை வைத்து அந்தக் குழு முழுவதையும் திட்டும் பேச்சு இந்த வழியாகத்தான் நடக்கிறது.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். "எல்லாரும் வரவில்லை" என்றால் ஒருத்தரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். எழுதும்போது "யாரும் வரவில்லை" அல்லது "சிலர் வரவில்லை" என்று பிரித்தே எழுதிவிடுங்கள். அப்புறம், "எல்லாரும் ஏமாற்றுகிறார்கள்" என்பதை மறுக்க "யாரும் ஏமாற்றவில்லை" என்று காட்ட வேண்டிய அவசியமே இல்லை, ஏமாற்றாத ஒருவரைக் காட்டினால் போதும். வீட்டு வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் எல்லாம் என்று சொல்ல மற்றவர் ஒன்றுமே இல்லை என்று சொல்வதில் சிக்கி நிற்கிறது. நடுவில் இருக்கும் "சிலர்" இருவருக்கும் கண்ணில் படுவதில்லை.

ஏறும்போது: ஒரே பானையா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையில் இருக்கும் ஆயிரக்கணக்கான பருக்கைகளைப் பற்றி முடிவு செய்கிறோம், அது சரியாகவும் இருக்கிறது. ஏன் சரியாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரே அரிசி, ஒரே நேரத்தில் போட்டது, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, நடுவில் கரண்டி விட்டுக் கிளறியது. அந்த ஒரு பருக்கைக்கு என்ன நடந்ததோ அதுதான் மற்றதற்கும் நடந்திருக்கிறது. பழைய அரிசியும் புது அரிசியும் கலந்து போட்டிருந்தால் ஒரு சோறு பதம் சொல்லாது. கிளறாமல் விட்டு அடி பிடித்திருந்தால், மேலே எடுத்த பருக்கைக்கு அடியில் நடந்தது தெரியாது.

எத்தனை உதாரணம் பார்த்தாய் என்ற கேள்வி இதற்கு அப்புறம்தான் வர வேண்டும். ஒரே பானை என்றால் ஒன்று போதும். வேறு வேறு பானை என்றால் ஒரே பானையில் நூறு பருக்கை எடுத்துப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

இதையே நம் தருக்கக்காரர்கள் மலையையும் புகையையும் வைத்துச் சொன்னார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுக்கும் பகுதியில் அது அப்படியே இருக்கிறது: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது; ஏனென்றால் புகை இருக்கிறது; அடுக்களை போல; இந்த மலையிலும் புகை இருக்கிறது; ஆகவே நெருப்பு இருக்கிறது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பு. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் வழி வந்த "மனிதர் எல்லாரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர்" என்ற வடிவத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பொது விதி தனியாக நிற்கிறது. இங்கே பொது விதி சொல்ல வருகிறவர் கையோடு ஓர் அடுக்களையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், எல்லாரும் பார்த்த, யாரும் மறுக்காத ஒரு தனி. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். அடுக்களை காட்ட முடியாத இடத்தில் விதி சொல்வது தானாகவே நின்றுவிடுகிறது.

எதிர்ப்பக்க உதாரணமும் கேட்பார்கள்: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல. இதை விடாமல் செய்யுங்கள். "வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், மூட்டுவலி போய்விட்டது" என்றால், குடிக்காமலே வலி போனவர்கள் உண்டா என்று கேட்பதுதான் அந்த நீர்.

அப்புறம் திசை. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு உண்டு, ஆனால் நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகு வேண்டும். இப்படி உள்ளே மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். யாராவது விதி சொன்னால் இங்கே ஈர விறகு எது என்று தேடிப் பாருங்கள். "டியூஷன் போகிற பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்" என்ற விதியில் டியூஷனா காரணம், பணம் கட்டி அனுப்பக்கூடிய வீடா, மாலையில் வேலைக்குப் போக வேண்டியிராத நிலையா?

இவ்வளவும் செய்தாலும் எல்லாப் புகையையும் யாரும் பார்த்ததில்லையே, பின் எப்படி விதி சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். கண்ணால் கண்டதை மட்டுமே நம்பிய லோகாயதர்கள் கேட்டார்கள். மணிமேகலையிலேயே அவர்களைப் போன்ற பூதவாதி ஒருவர் வந்து, கண்ணால் கண்டது மட்டுமே கணக்கு, கருத்தளவை, அதாவது அனுமானம், செல்லாது என்கிறார். அதற்கு மணிமேகலை, உன் தாயையும் தந்தையையும் அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று கேட்கிறாள். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பூதவாதியின் சந்தேகம் நியாயமானது, ஆனால் அதை வைத்துக்கொண்டு வாழ முடியாது. ஆகவே விதியைச் சொல்லுங்கள், ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராக இருங்கள். அன்னம் என்றாலே வெள்ளை என்று ஐரோப்பியர்கள் பல நூறு ஆண்டு இருந்தார்கள், நடக்காத விஷயத்துக்கு உவமையாகவே கறுப்பு அன்னத்தைச் சொன்னார்கள். 1697-ல் டச்சு மாலுமி வில்லெம் தெ விளாமிங்கின் குழு மேற்கு ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னங்களைப் பார்த்தது. ஐரோப்பாவில் இன்னும் எத்தனை லட்சம் வெள்ளை அன்னத்தை எண்ணியிருந்தாலும் இது தெரிந்திருக்காது, பானை வேறு.

திரும்ப வாங்கும்போது முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாலூட்டி என்றால் குட்டி போடும் என்ற விதிக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் வந்தது. அது முட்டையிடுகிறது என்பதை 1884-ல் வில்லியம் கால்டுவெல் அங்கேயே போய் உறுதி செய்தார். அதற்காகப் பாலூட்டி என்ற வகையைக் கலைக்கவில்லை. குட்டி போடுவது அந்த வகைக்குக் கட்டாயம் இல்லை என்று திருத்தினார்கள், பால் கொடுப்பது அடையாளமாக நிலைத்தது.

வகையா, குவியலா?

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பசு இருக்கிறது. அவற்றில் எல்லாம் பசுத்தன்மை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, நாம் பெயர் வைத்ததா? நியாயம், வைசேடிகம் என்ற பழைய தருக்க மரபுகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறது என்றார்கள், அதற்குச் சாமானியம் என்று பெயர். பசுக்கள் பிறந்து மடியும், அது அழியாது. பௌத்தரான திக்நாகர், இருப்பது தனித்தனிப் பொருள்கள் மட்டுமே என்றார். பசு என்ற சொல் பசு அல்லாததை விலக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. இதை அபோகம் என்பார்கள். ஐரோப்பாவிலும் பிளேட்டோ தொடங்கி இடைக்காலத் தத்துவவாதி ஓக்கம் வரை இதே சண்டை நடந்தது. தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் வேலைக்கு ஆகும் ஒரு விஷயம் இதிலிருந்து கிடைத்தது.

சாமானியம் உண்மை என்று வாதாடியவர்களே, பொதுப்பெயர் இருக்கும் இடத்தில் எல்லாம் அது இருக்காது என்று எல்லை போட்டார்கள். அவர்களில் ஒருவரான, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த உதயனர் இதற்குத் தடைகளைப் பட்டியலிட்டார். ஒரே ஒரு பொருள்தான் உண்டு என்றால் அங்கே வகை இல்லை. குடம், கலசம் என்று இரண்டு பெயர் வைத்தால் இரண்டு வகை ஆகாது. ஒன்றையொன்று பாதி வெட்டிக்கொண்டு போகும் இரண்டு பிரிவுகளை அப்படியே இரண்டு வகையாக எடுக்க முடியாது. சமையல்காரர் என்பதையும் அவர்கள் பசு மாதிரி வகையாக ஏற்கவில்லை. சமைக்கிறார் என்ற காரணத்தால் நாம் சேர்த்துச் சொல்கிறோம். நாளைக்கு அவர் சமையலை விட்டுவிடலாம். பசு பசுவாக இருப்பதை விட முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்களைச் சுற்றிப் புழங்கும் வகைகளைப் பாருங்கள். வேலை கிடைத்த புதிதில் ஒரு நகரத்தில் வாடகை வீடு தேடினேன். பார்த்த வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது, அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் "பேச்சிலருக்குத் தருவதில்லை தம்பி, குடிச்சிட்டு சத்தம் போடுவாங்க" என்று சொல்லிவிட்டார். அப்போது கோபம் மட்டும்தான் வந்தது. இப்போது யோசித்தால், கல்யாணம் ஆகாதவர் என்பது சமையல்காரர் மாதிரி ஒரு குவியல். படிக்கிறவர், நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர், அம்மாவோடு இருக்கிறவர் எல்லாரும் அதில் உண்டு. அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது ஒரு கல்யாணப் பத்திரம் இல்லாதது மட்டுமே, அதிலிருந்து சத்தம் எப்படி வரும்? முன்பு இருந்த யாரோ இரண்டு பேர் சத்தம் போட்டிருக்கலாம், அவருக்கு அது நிஜமான தொல்லைதான். ஆனால் அவர்கள் சத்தம் போட்டது எதனால் என்று கேட்டிருந்தால் விதி வேறு மாதிரி வந்திருக்கும்.

ஒரு வகையை விதிக்குப் பயன்படுத்தும் முன், இதில் இருப்பவற்றைச் சேர்த்து வைத்திருப்பது எது, அதற்கும் நான் சொல்லப் போகும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று கேளுங்கள். இரும்பு துருப்பிடிக்கும் என்பதில் உண்டு. என் பையில் இருக்கும் நாணயம் எல்லாம் ஐந்து ரூபாய் என்பதில் இல்லை, அதில் புதிதாக ஒரு நாணயம் போட்டால் அது ஐந்து ரூபாயாக மாறிவிடாது.

இறங்கும்போது

பொது விதி சரியாகவே இருந்தாலும் தனிக்கு இறங்கும்போது தப்பு நடக்கும். நம் இலக்கணக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பொதுவிதி சொல்வார்கள், சிறப்புவிதி சொல்வார்கள், அதிலும் அடங்காததற்குப் புறனடை வைப்பார்கள். மழையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைதான் மழைக்காலம். தமிழ்நாட்டுக்கு வந்தால் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில். அதைத் தெரிந்துகொண்டு, ஜூலையில் தமிழ்நாட்டில் மழை இருக்காது என்று குடை இல்லாமல் வால்பாறைக்குப் போனால் முழுக்க நனைந்துதான் வர வேண்டும், அங்கே தென்மேற்கு கொட்டும். மூன்று விதியும் உண்மை. போகிற ஊருக்கு மிக நெருக்கமான விதி எது என்று பார்ப்பதுதான் இறங்குகிறவர் வேலை.

சராசரியோடு இறங்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துப் பார்த்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று 10 அளவுகள். பத்திலும் நடுத்தரத்தில் வருகிறவர் எத்தனை பேர் என்று பார்த்தால் ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்கு அளவெடுத்துச் செய்த இருக்கை யாருக்கும் சரியாகப் பொருந்தாது என்று இதிலிருந்து தெரிந்தது, இருக்கைகளை நகர்த்தி அமைக்கும்படி மாற்றும் யோசனைக்கு இது வலுக் கொடுத்தது. ஒரு குழுவைப் பற்றிய சராசரி அந்தக் குழுவைப் பற்றிய உண்மை. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி அது ஓர் ஊகத்துக்கு மேல் எதுவும் சொல்வதில்லை, அவரிடமே கேட்கவோ அளக்கவோ முடிகிறது என்றால் ஊகத்துக்கு அங்கே அவசியமே இல்லை.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். நான் விதியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் அவருடைய மாத்திரை அட்டையை வாங்கி வந்து, சித்தியின் அட்டையோடு மேஜையில் பக்கத்தில் வைத்து, பின்னால் இருக்கும் மருந்தின் பெயரை இருவருமாகப் படித்தோம். இரண்டும் வேறு வேறு மருந்து. பிரஷர் மாத்திரை என்பது பல வகை மருந்துகளுக்குச் சேர்த்து வைத்த ஒரு பொதுப்பெயர், உடம்புக்குள் போய் அவை செய்யும் வேலையும் வேறு. வறட்டு இருமல் சில வகையில் சிலருக்கு வரும். அக்காவுக்கு அவருடைய டாக்டர் ஏற்கெனவே வேறு மருந்து மாற்றிக் கொடுத்து, இருமலும் நின்றிருந்தது. அன்று மாலையே சித்தியை அவருடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், பிரஷர் பார்த்துவிட்டுப் பழைய மாத்திரையையே மறுபடி தொடங்கச் சொன்னார். வரும் வழியில் சித்தி கேட்டார், "அப்போ சர்க்கரை மாத்திரையும் இப்படித்தானா, ஆளுக்கு ஒண்ணா?" வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவின் அட்டையையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.